காருக்கடியில் பார்த்தது

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள்.

காணாமல் போன என் துணி மாட்டும் கம்பிகளைத் தேடி, காலையில் டார்ச்சோடு உங்கள் பழைய காருக்கடியில் நுழைந்தேன். திட்டத்தான் போனேன். கம்பிகள் அங்கே வளைந்து நெளிந்து கிடந்தன. அவற்றை வளைத்து அளவு பார்த்துத்தான் ஸ்டீல் குழாயை வளைத்தீர்களா! வெடித்துப்போன பழைய ரப்பர் பெட்ரோல் குழாய் இருந்த இடத்தில் அது டாங்கிலிருந்து கிளம்பி, சைலன்ஸரை விட்டு விலகி, எங்கும் உரசாமல் என்ஜின்வரை போகிறது. ஒரு சொட்டுக் கசிவில்லை. பிரமித்துப் படுத்தே கிடந்தேன்.

"அம்மா, உயிரோட இருக்கியா?" என்று மகள் என் காலைப் பிடித்து இழுத்தாள்.

"பெட்ரோல் ஒழுகுற வண்டியில பிள்ளைய ஏத்தாதீங்க" என்று நேற்று கத்தினேனே, அதை விடுங்கள். மாலை அவளைப் பள்ளியிலிருந்து அந்தக் காரிலேயே அழைத்து வாருங்கள்.

பி.கு.: பள்ளிக்குப் போகிற வழியில் என் ஆபீஸ் வாசலில் நிறுத்துங்கள். முன் சீட் எனக்கு.