நாலாம் நம்பர் பந்து

அன்பான என் தங்கச்சி சரசுவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. நல்ல சேதி ஒன்று வரட்டும், எழுதலாம் என்றிருந்தேன். இன்றைக்கு வயிறு எரிகிறது. அந்த எரிச்சலோடேதான் எழுதுகிறேன்.

குடிபாலாவில் நீ கோச்சாக நின்ற கிரவுண்டுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். என் பேத்தி புவனா இப்போது அவரிடம்தான் ஃபுட்பால் ஆடுகிறாள். பதினாலு வயசாகிவிட்டது அவளுக்கு. போன ஞாயிறு திருப்பதியில் மேட்ச். நானும் பஸ் ஏறிப் போனேன். ஆறு கோல் வாங்கினார்கள். தோற்றதுகூடப் போகட்டும். புவனா உதைத்த பந்தெல்லாம் பாதி வழியிலேயே படுத்துவிட்டது. உன் காலத்தில் அவள் உதைத்தால் வேலி தாண்டிக் கடலைக்கொல்லையில் போய் விழுமே!

"பொட்டப்புள்ளைங்க காலுல பலம் இல்ல. அடுத்த வாரத்துலேர்ந்து கிரவுண்டு பசங்களுக்கு மட்டும்தான்" என்றார் கோச்.

வீட்டுக்கு வந்ததும் புவனா ஷூவைக் கழற்றி மூலையில் எறிந்தாள். "எனுக்கு பலம் இல்லியாம் ஆயா. நான் இனிமே போவல."

மறுநாள் காலையில் நேராகக் கிரவுண்டுக்குப் போனேன். பையன்கள் பந்து ஒரு பையில், பெண்கள் பந்து ஒரு பையில் இருந்தது. பெண்கள் பந்தைத் திருப்பிப் பார்த்தால் 'நாலு' என்று போட்டிருக்கிறது! பன்னிரண்டு வயசு வரைக்கும்தான் நாலாம் நம்பர், அதற்கு மேல் ஆணோ பெண்ணோ அஞ்சாம் நம்பர் என்று நீதானே சொல்வாய்? உன் பந்துகளுக்குக் காற்றடித்து வைத்தவள் நான். சின்னப் பந்தில் பழக்கிவிட்டு, மேட்ச்சில் பெரிய பந்தை உதை என்றால் எப்படிப் போகும்?

"இன்னா ஸார், வளந்த புள்ளைங்களுக்குக் கொழந்தைங்க பந்தக் குடுத்துக்கினு கீறீங்க?" என்று கோச்சைக் கேட்டேன்.

"ஆடபில்லலகு இதி சாலம்மா." பெண்களுக்கு இது போதுமாம், தெலுங்கில் சொல்கிறார்! "உனுக்கு இன்னா தெரியும் பெத்தம்மா? ஊட்டுக்குப் போ."

"அஞ்சாவது படிச்சவ ஸார் நானு. நாலுக்கும் அஞ்சுக்கும் வித்தியாசம் தெரியும்."

பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர் விசில் ஊதிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார்.

வித்தியாசமே கூடாது என்று நான் சொல்லவில்லை சரசு. நீயும் வித்தியாசம் பார்த்தாய். வளர்கிற பையன் குதிகால் வலி என்றால் உட்காரவைத்தாய். பெண்களை எம்பிக் குதித்து முட்டி மடக்கித் தரையிறங்கப் பழக்கின பிறகுதான் பந்தையே கொடுத்தாய், மூட்டு பிசகக் கூடாது என்று. அதை இவர் நிறுத்திவிட்டார். பார்க்க வேண்டிய இடத்தில் பார்க்கவில்லை, கூடாத இடத்தில் பார்க்கிறார். இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

பரண்மேல் இருந்த உன் அஞ்சாம் நம்பர் பந்தை இறக்கிச் சைக்கிள் கடையில் காற்றடித்தேன். "போவ மாட்டேன்னியே, சும்மா உதைச்சிப் பாருடி" என்று தெருவில் போட்டேன். முதல் உதை சப்பென்று போயிற்று. எத்தனையாவதோ உதையில் எதிர்வீட்டுத் தகரக் கதவு அதிர்ந்தது. அந்த அம்மா வெளியே வந்து திட்டின திட்டு எனக்கு மங்கள வாத்தியம்போல இருந்தது. புவனா மூலையில் கிடந்த ஷூவைத் தேடி எடுத்தாள்.

நாளைக்கு நானும் அவளோடு போகிறேன். அந்தப் பெண்கள் காலடியில் அஞ்சாம் நம்பர் பந்து வராமல் கிரவுண்டை விட்டு நகர மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் பந்துக்குக் காற்றடித்த அக்கா,
வள்ளியம்மா