சவுனாவுக்குக் கடைசி ஆள்

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹில்க்கா எழுதுவது. உன் முழங்கால் வலி தேவலையா? தம்பெரேயில் நான் நலம். முழங்கையில் மட்டும் கொஞ்சம் கொப்புளம், அரிப்பு.

பயப்படாதே. நான் வேலை செய்யும் மருத்துவமனையிலேயே காட்டினேன். கோதுமை, பார்லி, ரை தானியங்கள் ஒத்துக்கொள்ளாததால் வரும் தோல்நோயாம். யாருக்கும் ஒட்டாது. நம் நாட்டில் லட்சத்துக்கு எழுபத்தைந்து பேருக்கு இருக்கிறதாம். டாக்டரம்மா கணக்குப் போட்டுச் சிரித்தார்.

"உங்க ஊர்ல மூவாயிரம் பேருன்னா ரெண்டு பேருக்கு இருக்கணும். ஒண்ணு நீ. இன்னொருத்தர் யாரு?"

அப்பாவின் முழங்கையிலும் இதே கொப்புளம்தான். செத்துப்போன அப்பா எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

"புள்ளைங்களுக்கு ஒட்டிக்கும், நீங்க கடைசியாப் போங்க" என்று சனிக்கிழமைதோறும் அப்பாவிடம் சொல்வாய். நாங்கள் எல்லோரும் சவுனாவின் நீராவியில் குளித்து வந்தபின், ஆறிப்போன அடுப்புக் கல்லுக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். வெளியே வந்ததும், உடம்பு தேறட்டும் என்று அவருக்கு மட்டும் ரை ரொட்டி கூடுதலாக வைப்பாய்.

உன்னைக் குற்றம் சொல்லவில்லை அம்மா. நானும்தான் அவர் துவட்டிய துண்டைத் தொடமாட்டேன்.

இனி எனக்கு ரொட்டி அனுப்பாதே. கம்பளிக் காலுறை அனுப்பு, பழசானாலும் பரவாயில்லை. வேலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. தம்பி வெய்க்கோ முதுகைச் சொறிகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனை உடனே டாக்டரிடம் காட்டு. இந்தச் சனிக்கிழமை சவுனாவுக்குள் அவனை முதல் ஆளாக அனுப்பு.

ஹில்க்கா