மிக்கேல் அண்ணன் குரலை விழுங்கிய கார்டு

நேற்று ஒரு கீபோர்டு வாங்கலாம் என்று கடைக்குப் போயிருந்தேன். கண்ணாடி அலமாரிக்குள், கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற அந்தக் கார்டு இருந்தது. அதே அட்டைப்பெட்டி, பெட்டியின் மேல் ஒன்றுபோல இரண்டு டிஸ்க்கின் படம். எனக்கு முன்னால் நின்ற ஒரு டீச்சரிடம் கடைக்காரர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே நேரத்துல எழுதும்க்கா. ஒண்ணு போச்சுன்னாலும் இன்னொண்ணு இருக்கும். நீங்க கவலையே பட வேண்டாம்."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "கார்டு போச்சுன்னா?" என்றேன்.

"கார்டெல்லாம் போவாதுக்கா."

உனக்கும் எனக்கும் சொன்ன அதே வார்த்தை. கீபோர்டு வாங்காமலேயே வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்த பிறகும் கோபம் அடங்கவில்லை. இந்தக் கோபத்தை முழுதாகப் புரிந்துகொள்ள உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை. நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன்.

திரேஸ்புரத்துப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நீ நர்ஸாக இருந்த காலம் முழுவதும் சங்கு குளிக்கப் போகிறவர்கள் உன்னிடம்தான் வந்தார்கள். காதில் ரத்தம் வழிந்தவர்கள், கம்ப்ரசர் குழாய்க் காற்றை இழுத்துக்கொண்டு ஆழத்தில் கிடந்துவிட்டு, மேலே வந்ததும் இடுப்புக்குக் கீழே விளங்காமல் போனவர்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் எல்லாருக்கும் ஒரே சொல்தான் எழுதினார்கள்: உடம்பு வலி. அதைப் பார்த்துத்தான் முதலில் நீ கொதித்தாய்.

"உடம்பு வலியாம்ளா! ரெண்டு காலும் செத்துப் போயி தூக்கிட்டு வாராவ. இவனுவ உடம்பு வலின்னு எழுதுதானுவ" என்று என் வீட்டு வாசலில் நின்று கத்தினாய்.

அதற்குப் பிறகு விடுமுறை நாளெல்லாம் உனக்கு இதே வேலையாகிவிட்டது. சின்னக் குரல்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாய். எத்தனை ஆழம், எத்தனை முறை இறங்கினார், யார் இறங்கச் சொன்னார், மேலே வந்து எத்தனை நேரத்தில் கால் போனது என்று ஒவ்வொருவரையும் பேசவைத்துப் பதிந்தாய். ஆழத்திலிருந்து வேகமாக மேலேறுவதால் வரும் இந்த நோய்க்கென்று, ஆளை உள்ளே வைத்துக் காற்றழுத்தம் கொடுத்துக் குணப்படுத்தும் ஓர் அழுத்தக்காற்று அறை வேண்டும், அது நம் ஊர் அரசு மருத்துவமனையிலேயே வேண்டும் என்று மனுப் போடுவதற்கான ஆதாரம் அது.

பதிவுகள் பெருகியதும், கம்ப்யூட்டர் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று என்னிடம் கேட்டாய். அந்தக் கார்டைச் சொன்னது நான்தான். துறைமுகத்தில் எங்கள் கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில் அப்படி ஒன்று இருந்தது. பெரிய ஆபீஸில் இருப்பது நல்லதாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அங்கே அதைக் கண்காணிக்கவே ஓர் ஆள் வைத்திருந்தார்கள் என்பதும், அவர் வாரம் தவறாமல் வேறொரு டிஸ்க்கில் தனியாக நகலெடுத்து வீட்டுக்கு எடுத்துப் போனார் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. என் மேல் எனக்கு இருக்கும் கோபம் இதுதான்.

கடைக்காரர் வந்து கார்டையும் இரண்டு டிஸ்க்கையும் மாட்டினார். "இனி நீங்க நிம்மதியா இருக்கலாம்" என்றார். நீ நம்பினாய். நம்பியதால்தான், ஒவ்வொரு பதிவையும் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அடுத்த ஆளுக்கு இடம் வேண்டுமென்று கருவியிலிருந்து அழித்தாய்.

ஏதோ ஒரு நாள் அந்தக் கார்டு இரண்டாவது டிஸ்க்கைக் கைவிட்டுவிட்டது. டிஸ்க்கில் ஒரு குறையும் இல்லை. பிறகு அதைத் தனியாக மாட்டிப் பார்த்தபோது நன்றாகத்தான் ஓடியது. கார்டுக்குத்தான் அது கண்ணில் படவில்லை. அன்று முதல் ஒரே டிஸ்க்கில்தான் எல்லாம் எழுதப்பட்டது. மற்றது பழைய நாளிலேயே நின்றுவிட்டது. இதை அது எப்படிச் சொன்னது தெரியுமா? கம்ப்யூட்டர் கண் விழிக்கும்போது கறுப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம். வாசிப்பதற்குள் மறைந்துவிடும். ஒரு சத்தம் இல்லை, ஒரு சிவப்பு விளக்கு இல்லை. எட்டு மாதம்! எட்டு மாதம் நீ நம்பிக்கையோடு பேச்சைச் சேர்த்துக்கொண்டே இருந்தாய்.

ஐப்பசி மழையில் ஒரு நாள் கம்ப்யூட்டர் நின்றுபோனது. கடையிலிருந்து மெக்கானிக் வந்தார். கார்டு போய்விட்டது என்று அதே மாதிரி வேறு கார்டைப் போட்டார். நானும் உன் பக்கத்தில்தான் நின்றேன். எந்த டிஸ்க்கிலிருந்து எந்த டிஸ்க்குக்கு நகலெடுக்க வேண்டும் என்று திரை கேட்டது. அவர் நம்மைக் கேட்கவில்லை. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்து ஒன்றை அமுக்கினார். எட்டு மாதத்துக்கு முன் நின்றுபோன டிஸ்க்கை எடுத்து, எல்லாப் பதிவும் இருந்த டிஸ்க்கின் மேல் எழுதிவிட்டது.

"ரெடி ஆயிட்டு மேடம்" என்றார்.

நீ முதலில் திறக்கப் போனது மிக்கேல் அண்ணனின் பதிவை. புன்னைக்காயல்காரர். ஒரே நாளில் மூன்று முறை இறங்கியவரை, காது வலிக்கிறது என்று சொன்ன பிறகும், நான்காவது முறை இறக்கியிருந்தார்கள். யார் இறக்கியது என்று பெயரோடு சொன்னவர் அவர் ஒருவர்தான். சொல்லி மூன்று மாதத்தில் இறந்துபோனார். அவர் பெயரில் ஒன்றுமே இல்லை. நீ திரையில் கீழே இறங்கி இறங்கித் தேடினாய். பிறகு எழுந்துபோய் முகத்தைக் கழுவிவிட்டு வந்தாய்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். கார்டுக்கு உத்தரவாதம் உண்டு, அதில் இருந்த தகவலுக்குக் கிடையாது.

"புதுக் கார்டு தந்தாச்சுல்லா மேடம்? இன்னும் என்ன செய்யணுங்கிய?"

"செத்துப்போன மனுசன் பேச்சு அண்ணாச்சி அது. அதத் தாங்க" என்றாய்.

அவர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். நான் கத்தினேன். ஊர் கூடியது. நீதான் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தாய்.

"ரெண்டு ரெண்டா எழுதும்னு சொன்னான். தப்பையும் ரெண்டா எழுதும்னு ஒருத்தனும் சொல்லலியேளா" என்றாய்.

சென்னைக்கு அனுப்பிப் பார்த்தோம். மேலேயே எழுதிவிட்டதால் மீட்க ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நானாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பேன். நீ மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்கினாய். சொன்னதையே திரும்பச் சொல்லச் சிலருக்கு மனம் வரவில்லை. சிலரை அதற்குள் சங்கு முதலாளிகள் மிரட்டியிருந்தார்கள், அவர்கள் கதவைக்கூடத் திறக்கவில்லை. புன்னைக்காயலுக்கு நானும் உன்னோடு வந்தேன். மிக்கேல் அண்ணன் மனைவியிடம் நடந்ததைச் சொல்ல உனக்கு நாக்கு எழவில்லை. அவருடைய குரல் போய்விட்டது என்று நான்தான் சொன்னேன்.

"அந்தப் பேச்ச ஒருதரம் கேக்கணும்னு நெனச்சிருந்தேன்" என்றார் அந்த அம்மா. பிறகு சேலை நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "அவரு சொல்லயில நானும் பக்கத்துலதான இருந்தேன். நா சொல்லுதேன், பதிஞ்சிக்க. வள்ளத்துல ஏறயில கால அங்கனயே கடல்ல வச்சிட்டு வந்த மாரி இருந்துச்சின்னாரு. நாலாவது தடவ எறங்கச் சொன்னவன் பேரையும் நானே சொல்லுதேன். எனக்கு என்ன பயம்?"

மனுவைக் கொடுத்த அன்று அதிகாரி தாள்களைப் புரட்டிவிட்டு, "இது மனைவி சொன்னதுதானே? அவர் பேசின பதிவு இல்லையா?" என்று கேட்டார். நீ உள்ளதைச் சொன்னாய். இருந்தது, அழிந்துவிட்டது என்றாய். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. விற்றவரை, கேட்காமல் அமுக்கியவரை, தான் செத்ததைக்கூடச் சொல்லத் தெரியாத ஒரு பொருளைச் செய்து 'பாதுகாப்பு' என்று அட்டையில் அச்சடித்தவர்களை, யாரையும் நான் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

மாதத்துக்கு ஒருமுறை கடற்கரைக்கு டாக்டர் வந்து காது பார்க்கிறார். பதிவேட்டில் இப்போது உடம்பு வலி என்று எழுதுவதில்லை. உன் மனுவால் வந்தது இவ்வளவுதான். அழுத்தக்காற்று அறை இன்னும் வரவில்லை. அதற்குள் ஒரு காலையில், வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த உன்னை நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது.

உன் பதிவுகள் இப்போது மூன்று வீட்டில் மூன்று டிஸ்க்கில் இருக்கின்றன. என் வீட்டில் ஒன்று, நாசரேத்தில் என் தங்கையிடம் ஒன்று, புன்னைக்காயலில் அந்த அம்மாவிடம் ஒன்று. எந்தக் கார்டும் இடையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் சிலவற்றைத் திறந்து, கடைசிவரை கேட்டு, சரியாக இருக்கிறது என்று குறித்து வைக்கிறேன். கேட்காமல் எதையும் இனி நம்புவதாக இல்லை. அடுத்த மனுவையும் நானே எழுதிவிட்டேன்.

எல்லாப் பதிவும் உன் குரலில்தான் தொடங்குகிறது. அவர்கள் வாய் திறக்கத் தயங்கும்போது நீ சொல்கிறாய்: "பயப்படாம சொல்லுங்க. நீங்க சொன்னது எங்கயும் போயிராது. அதுக்கு நா பொறுப்பு."

கேட்கும்போதெல்லாம் நானும் வாய்விட்டுச் சொல்கிறேன், நான் பொறுப்பு என்று.