பொட்டு வைத்த டிரான்ஸ்பார்மர் பெட்டி

அனுப்புநர்:
கா. சுயம்புலிங்கம், மரவேலை,
14, சோலையப்பன் தெரு (பின்கட்டு),
மந்தைவெளி, சென்னை-28.

பெறுநர்:
உயர்திரு உதவிப் பொறியாளர் அவர்கள்,
மின் விநியோகப் பிரிவு அலுவலகம்,
சென்னை.

பொருள்: என் பட்டறையிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட டிரான்ஸ்பார்மர் பெட்டியைத் திருப்பித் தரக் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த வெள்ளிக்கிழமை (7-5-1971) காலை தங்கள் ஆய்வாளர் என் பட்டறைக்கு வந்து, மீட்டரை ஓடவிடாமல் செய்யும் கருவியோ என்று சந்தேகப்பட்டு, ஓர் இரும்புப் பெட்டியை எடுத்துச் சென்றார். மரியாதையாகவே நடந்துகொண்டார். மோர் கொடுத்தோம், குடித்தார்; சீட்டும் எழுதிக் கொடுத்தார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. நடந்த தவறில் பெரும்பங்கு என்னையே சேரும்.

2. மூன்று ஆண்டுகளுக்கு முன் சாரத்திலிருந்து விழுந்து என் வலது தோள் போயிற்று. கை ரம்பத்தைப் பத்து முறை இழுத்தால் பதினோராவது முறை கை வராது. மற்ற ஆசாரிகளுக்கு அளவு எடுத்துக் கொடுத்துக் காலம் தள்ளினேன். இதைக் கேள்விப்பட்டு, அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர் ரகுபதி சென்ற ஆண்டு மின்சார ரம்பம் ஒன்றும் துளைபோடும் இயந்திரம் ஒன்றும் அனுப்பினார். ரம்பத்தை மேசைக்கு அடியில் கவிழ்த்துப் பொருத்திவிட்டால் கட்டையைத் தள்ளினால் போதும்.

3. அந்த ஊர் மின்சாரம் 115 வோல்ட், நம்முடையது 230. ரம்பத்தின் தகட்டில் அது எழுதியிருந்தது. ஆனால் ஆயுத பூசையன்று என் மனைவி செண்பகம் சந்தனமும் குங்குமமும் வைத்தது சரியாக அந்தத் தகட்டின் மேல். சமமான இடம் அது ஒன்றுதான். மறுநாள் விஜயதசமியில் சாம்பிராணி போட்டு, சுவிட்சைப் போட்டேன். ரம்பம் வெறி பிடித்ததுபோல் சுழன்றது. தெருவே கைதட்டியது. புகை வந்தது, சாம்பிராணிப் புகை என்று எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். நானும் போட்டுக்கொண்டேன், ஐயா.

4. அதோடு நின்றுபோன ரம்பத்தை, இராயப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் ஷரஃபுதீன் அவர்களிடம் கொண்டுபோனேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுவதற்கு மன்னிக்கவும்: “இன்னா நைனா, அரை டம்ளர் குடிக்கிற மிஷினுக்கு அண்டாவையே சாய்ச்சுக்கீறியே!” கருகிய காயிலை முன்பு இருந்தபடியே மறுபடி கட்டிக் கொடுத்தார். இரண்டு இயந்திரங்களுக்கும் சேர்த்து, நம் மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றும் செய்து தந்தார். தாங்கள் வைத்திருக்கும் பெட்டி அதுதான்.

5. அது மீட்டருக்குப் பிறகு, சுவர் பிளக்கில் மாட்டுவது. மீட்டரை ஒன்றும் செய்யாது. பெட்டி வந்த பிறகு மீட்டர் முன்னைவிட வேகமாகத்தான் ஓடுகிறது. தங்கள் அட்டையிலேயே பார்க்கலாம். பக்கத்து வீட்டுச் சிதம்பரநாதன் அவர்கள், பெட்டி உறுமுகிறது என்றும் ரேடியோ கரகரக்கிறது என்றும் தங்களுக்கு எழுதியிருந்தார். இரண்டும் உண்மை. இனிக் கச்சேரி நேரத்தில் ரம்பம் ஓட்டுவதில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். இந்த மனுவில் இருந்த பிழைகளைத் திருத்திக் கொடுத்தவரும் அவரே.

6. சாந்தோமில் ஒரு சிறுவர் பள்ளிக்குப் பிள்ளைக்கு ஒன்றாக நாற்பது குட்டிப் பெஞ்சுகள் செய்ய ஒப்புக்கொண்டிருக்கிறேன். தோள் போன பிறகு என்னை நம்பி வந்த முதல் பெரிய வேலை இது. இருபத்தாறு முடிந்தன. ஜூனில் பள்ளி திறக்கிறது. பெட்டி இல்லாவிட்டால் பதினான்கு பிள்ளைகள் தரையில் உட்காருவார்கள். நான் மறுபடியும் அளவு எடுக்கப் போக வேண்டியதுதான். அதை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தச் சில மாதங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

7. பெட்டியின் மூடியில் ஷரஃபுதீன் தம் கையால் வெள்ளைப் பெயிண்டில் “230 – 115” என்று எழுதியிருக்கிறார். ஆய்வாளர் கண்ணில் அது படாததற்குக் காரணம், அன்று வெள்ளிக்கிழமை. செண்பகம் வழக்கம்போல் பொட்டு வைத்திருந்தாள். ஆகவே, அந்தப் பொட்டைத் துடைத்துப் பார்த்து, உண்மை தெரிந்ததும் பெட்டியை விரைவில் தந்துதவ வேண்டுகிறேன். துடைப்பதற்கு அவள் சம்மதித்துவிட்டாள். கண்ட துணியால் மட்டும் வேண்டாம் என்கிறாள்.

இடம்: சென்னை-28
நாள்: 11-5-1971

தங்கள் உத்தரவுக்காகப் பட்டறையில் காத்திருக்கும்,
கா. சுயம்புலிங்கம்

இணைப்பு:
1. ஆய்வாளர் கொடுத்த சீட்டு.
2. துவைத்த துணி ஒன்று.