கல்யாணம் ஆகாத பேத்திக்குப் பொங்கல் வரிசை

டிசம்பர் 14, 2025

அரியலூரைப் பெரம்பலூரிலிருந்து இரண்டாம் தடவை பிரித்த வருஷம் பிறந்தவள் என் பேத்தி பூவிழி. பதினெட்டு முடிந்தது; இனி காப்பகத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே சேர்த்தபோது அவளுக்கு ஒன்பது வயது. அவள் அம்மா, என் மகள் தனம் செத்த மறு மாதம் நான்தான் கொண்டுபோய் விட்டேன்.

வைத்திலிங்கம் என்று என் பெயரைக்கூட எழுதத் தெரியாத கைநாட்டு நான். சொல்லச் சொல்லப் போன் எழுதிக்கொள்கிறது. பூவிழி பழக்கியதுதான்.

"வூட்டுக்கு வந்துடு கண்ணு" என்றேன்.

"இல்ல தாத்தா. காப்பகத்துல கூட இருந்த இலக்கியா, சத்யாவோட பெரம்பலூர்லயே ரூம் எடுத்துட்டேன்."

டிசம்பர் 29

பூவிழியிடமிருந்து போன் வரவில்லை. அவள் சேர்ந்த துணிக்கடையில் வேலை அதிகமோ? கோபமோ? கேட்கப் பயம்.

ஜனவரி 11, 2026

தனம் இருந்தவரை ஒரு வருஷமும் பொங்கல் வரிசை தவறியதில்லை. அதைப் பேத்திக்குக் கொடுத்தால் என்ன? பானை, பச்சரிசி, வெல்லம், மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து மூன்று பஸ். கரும்புத் தோகை ஒரு போலீஸ்காரர் தொப்பியைத் தட்டிவிட்டது. அரியலூர் வரை தூங்குவதுபோல் வந்தேன்.

ரூம் வாசலில் வீட்டுக்கார அம்மா ஆண்டாயி.

"என்னா பெரியவரே இது?"

"பூவிழிக்குப் பொங்க வரிசை."

"வரிசையா! கட்டிக் குடுத்த பொண்ணுக்குல்ல அது வரும்? கல்யாணம் ஆவலன்னு சொல்லியில்ல ரூம் கேட்டாளுக! மாப்ள எங்க?" கட்டிலுக்கு அடியில் வேறு குனிந்து பார்த்தாள். அங்கே பக்கெட்தான் இருந்தது.

நாளைக்கே காலி செய்ய வேண்டுமாம். மூன்று பெண்களும் வெளிறிப்போனார்கள். ஐயோ, ஏங் கையாலயே ரெண்டாவது வாட்டியும் அது வூடு இல்லாம நிக்கணுமா?

"மாப்ள இல்ல தாயி. வூட்ட வுட்டு அனுப்புன பொண்ணுக்குத்தான வரிசை? இவள ஒம்போது வயசுலயே அனுப்பிட்டேன். கட்டிக் குடுத்து இல்ல. சும்மா."

காலி செய்யும் பேச்சை விட்டுவிட்டு ஆண்டாயியே கரும்புக் கட்டைத் தூக்கி ரூமுக்குள் சாத்தினாள். பூவிழி பானையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சின்னதா இருக்கு தாத்தா. மூணு பேருக்கு எப்படிப் பத்தும்?"

ஜனவரி 15

பெரிய பானையோடு போனேன். பொங்கியது. ஆண்டாயி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வாடகை நோட்டை எடுத்தாள். மூன்று பெண்களுக்கும் பிறந்த வீட்டு ஆள் பெயர் வேண்டுமாம்.

"எழுதிக்க. எம் பொஞ்சாதி மருதாயி, தானே புயலுக்கு முந்துன வருசம் போயிட்டா. மருமவன் கலைச்செல்வன், லாரியில அடிபட்டுப் போயிட்டான். அவன் அண்ணன் செல்லதுரை, பாம்பு..."

"பெரியவரே! உசுரோட இருக்குறவங்க பேர மட்டும் சொல்லுங்க."

இலக்கியாவும் சத்யாவும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"மூணு பேருக்கும் ஒரே பேருதான் தாயி. வைத்திலிங்கம்."