வாடிய கீரைக்கு ஒரு விலை

என்னங்க,

இப்படிக் கூப்பிட்டால் எங்கே இருந்தாலும் திரும்பிப் பார்ப்பீர்கள் என்று தெரியும். உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் போன பிறகு புதிதாகத் தொடங்கவும் கூச்சமாக இருக்கிறது.

முதலில் உங்களுக்குப் பிடிக்காத சேதியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்டோவை விற்றுவிட்டேன். ஏரியூர்க்காரர் ஒருவர் வாங்கினார். பென்னாகரம் ரோட்டில் அது எதிரே வந்தால் என் கை இன்னும் தானாக எழும்புகிறது. உள்ளே வேறு ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, தலைமுடியைச் சரிசெய்கிற மாதிரி கையை இறக்கிக்கொள்கிறேன். அந்தப் பணம் நம் ஷீபாவின் நர்சிங் படிப்புக்கு. கடைசி வருடக் கட்டணம் மட்டும்தான் பாக்கி இருந்தது. என் தையல் மெஷின் அரிசி பருப்புக்குத்தான் போதும், கல்லூரிக்குப் போதாது.

இப்போது கோயில் சேதிக்கு வருகிறேன். நம் ஆலயத்துக்கு முன்னால் புது மண்டபம் கட்டிவிட்டார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. நுழைகிற இடத்தில் பெரிய கருங்கல் பதித்து, கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் வெட்டியிருக்கிறார்கள். அதற்குப் பணம் வாங்க தேவராஜ் அண்ணன் வீட்டுக்கு வந்தார். சபைச் செயலாளர் ஆனபிறகும் அந்த மனுசன் மாறவில்லை, வந்ததும் உங்கள் போட்டோவைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆட்டோ விற்ற சேதி அவர் காதுக்கும் போயிருந்தது.

"அம்மா, அவன் பேரு அந்தக் கல்லுல இல்லன்னா எப்புடி? இந்தக் கோயிலுக்கு அவன் குடுக்காததா?" என்றார்.

நியாயமான கேள்விதான். உங்கள் பெயர் கல்லில் இருந்தால், ஒவ்வொரு ஞாயிறும் அதைத் தொட்டுவிட்டு உள்ளே போகலாமே என்று ஆசையாக இருந்தது. ஷீபா கூட, கொடுத்துவிடலாம் அம்மா, கல்லூரியில் தவணை கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். தரமாட்டார்கள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அப்படிச் சொன்னதும்தான் எனக்குக் கோபம் வந்தது.

"அண்ணா, அவரு குடுத்ததெல்லாம் என் அடுப்புல இருந்து எடுத்துக் குடுத்ததுங்க. இனிமே அந்த அடுப்பு அவரு புள்ளயப் படிக்க வைக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் டீயைக் குடித்துவிட்டுப் போனார். ஷீபாவின் கட்டணத்தை மறுநாளே கட்டினேன். கல் உங்கள் பெயர் இல்லாமலே பதிக்கப்பட்டது. இல்லை என்று தெரிந்தும், மேலிருந்து கீழ்வரை ஒவ்வொரு வாரமும் அதைப் படிக்கிறேன். நான் செய்தது சரியா? நீங்களே இருந்திருந்தால் எதைக் கொடுத்திருப்பீர்கள்?

நான் அண்ணனிடம் சொன்னது பொய்யில்லையே. அறுப்புப் பண்டிகை ஏலத்தில் நீங்கள் அடித்த கூத்து கொஞ்சமா? எங்கள் வழக்கம் தெரியாதவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். அன்றைக்கு எல்லோரும் தம் விளைச்சலை ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்போம். ராகி மூட்டை, தக்காளிக் கூடை, கோழி, ஆட்டுக்குட்டி என்று வரும். ஆராதனை முடிந்ததும் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, வருகிற பணம் சபைக்கு. யார் ஏலம் கேட்டாலும் வீட்டுத் தலைவர் பெயரைச் சொல்லித்தான் கூவுவார்கள்.

பெரிய பொருளுக்குப் பெரிய மனிதர்கள் போட்டி போடுவார்கள். நீங்கள் அப்போது வாயே திறக்கமாட்டீர்கள். கடைசியில் யாரோ ஒரு ஏழை கொண்டுவந்த சொத்தைக் கத்தரிக்காயை எவரும் கேட்காமல் நிற்கும்போது, பின்வரிசையிலிருந்து உங்கள் குரல் வரும். ஒரு வருடம் ஒரு பூசணிக்காயைக் கிட்டத்தட்ட ஆட்டு விலைக்கு வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தீர்களே. அறுத்துப் பார்த்தால் பாதி அழுகல்.

"கொண்டாந்த ஆளு மூஞ்சியப் பாத்தியா?" என்றீர்கள்.

"நம்ம வூட்டு மளிகை டப்பாவப் பாத்தீங்களா?" என்றேன்.

அன்றைக்குத் திட்டியதற்கு இப்போதும் எனக்கு வருத்தமில்லை. கொடுக்கிற கைக்குப் பேர், காலி டப்பாவோடு மல்லாடுகிற கைக்குப் பேர் இல்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களிடம் சவாரிக் காசு வாங்கமாட்டீர்கள். அதையும் சேர்த்துத்தான் திட்டினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அறுப்புப் பண்டிகை. ஆயர், கையில் இருந்த கடைசி இரண்டு காசையும் காணிக்கையாகப் போட்ட பைபிள் விதவையைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். நல்ல பிரசங்கம். ஆனால் நானும் இப்போது ஒரு விதவை. அந்தம்மா வீட்டுக்குப் போய் இராத்திரிக்கு என்ன சாப்பிட்டாள் என்று ஒரு வார்த்தை சொல்வாரா என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. யாருமே சொல்வதில்லை.

ஏலம் தொடங்கியது. தேவராஜ் அண்ணன்தான் கூவினார். ராகி, கோழி எல்லாம் நல்ல விலைக்குப் போயின. கடைசியில் மேசையில் ஒரு புளிச்சக்கீரைக் கட்டு மட்டும் மிஞ்சியது. காலையில் பறித்தது, வெயிலில் துவண்டு கிடந்தது. மேல்தெருவில் புதிதாகக் குடிவந்திருக்கிற ராகேல் கொண்டுவந்தது. அவள் புருசன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவன், பணமும் வருவதில்லை, போனும் வருவதில்லை.

அண்ணன் கட்டைத் தூக்கிக் காட்டினார். யாரும் கேட்கவில்லை. முன்வரிசையில் யாரோ, ஆட்டுக்குட்டி வாங்கினவருக்கே அதையும் கொடுத்துவிடுங்கள், குட்டி தின்னட்டும் என்றார். நாலு பேர் சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் ராகேல் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு தரையைப் பார்த்தாள். அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன்.

எனக்கு உடனே என்ன தோன்றியது தெரியுமா? பின்வரிசையைத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. இப்போது அந்தக் குரல் வரும் என்று நிஜமாகவே காத்திருந்தேன். உங்கள் இடத்தில் யாரோ குழந்தையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

என் பர்ஸில் கேஸ் சிலிண்டருக்காக வைத்திருந்த பணம் இருந்தது. பண்டிகைக்கு ஜாக்கெட் தைத்துச் சம்பாதித்தது. அதை அப்படியே விலையாகச் சொல்லிவிட்டேன். என் குரல்தான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. ஷீபா என் கையைப் பிடித்தாள், தடுக்கவில்லை.

தேவராஜ் அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கூவினார்.

"சாமுவேல் வூடு, ஒரு தரம். சாமுவேல் வூடு, ரெண்டு தரம்."

மூன்றாவது தரம், கண்ணைத் துடைத்துக்கொண்டு, முதல் இரண்டையும்விடச் சத்தமாகச் சொன்னார். ஆலயம் முழுக்க உங்கள் பெயர் கேட்டது. நான் அழுதுவிட்டேன். துக்கத்தில் இல்லை, சந்தோஷத்தில்தான்.

ராகேல் வாசலில் எனக்காக நின்றாள். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. "அடுத்த வருசம் ஈரத்துணில சுத்திக் கொண்டாரேங்க்கா, வாடாது" என்றாள். அடுத்த வருடமும் வருவாள் என்பதே எனக்குப் போதும்.

கீரையைக் கடைந்து களியோடு சாப்பிட்டோம். புளிப்பு தூக்கலாக இருந்தது. இந்தக் கீரைக்கு அப்பா இவ்வளவு கொடுத்திருந்தால் நீ சும்மா விட்டிருப்பாயா என்று ஷீபா கேட்டாள். விட்டிருக்கமாட்டேன் என்றேன். சிலிண்டர் வாங்கும்வரை விறகு அடுப்புதான். கண் எரிகிறது, முணுமுணுத்துக்கொண்டேதான் ஊதுகிறேன். ஆனாலும் மனசு லேசாக இருக்கிறது. இது என் காசு, நானே எடுத்துக் கொடுத்தது. பாதி அழுகிய பூசணிக்காயைச் சிரித்துக்கொண்டே சுமந்து வந்தீர்களே, அந்தச் சிரிப்பு எதற்கென்று இப்போது தெரிகிறது.

ஷீபா படிப்பை முடித்துவிடுவாள். முதல் சம்பளத்தில் என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை. உங்கள் மகள், எனக்குத் தெரியாதா?

ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த அறுப்புப் பண்டிகைக்குப் பின்வரிசையில் உங்கள் இடத்தில் உட்காருவேன். மளிகை டப்பாவையும் பார்த்துக்கொள்வேன், மேசையில் கடைசியாக நிற்கிற பொருளையும் பார்த்துக்கொள்வேன். கல்லில் வெட்ட என்னால் முடியவில்லை. ஆனால் என் மூச்சு இருக்கிறவரை, வருடத்துக்கு ஒருமுறை உங்கள் பெயரை மூன்று தரம் கூவ வைப்பேன்.

இப்படிக்கு,
சாமுவேல் வூட்டுக்காரி
ரூத்