மலை சரிந்ததைத் தமிழில் சொன்னேன்

என் தங்கமான அக்கா,

காலையிலிருந்து வானம் மூடிக் கிடக்கிறது. நானும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அடுப்பை அணைத்தேனா என்று பார்க்கிறேன், கதவைத் திறந்து மலையைப் பார்க்கிறேன், மறுபடி அடுப்புக்கு வருகிறேன்.

உன்னை மண் மூடியதிலிருந்து இப்படித்தான். மழை பிடித்தால் உன் மகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிடுவேன். போன மாதம் ஒருநாள் ஏலக்காட்டில் வேலை முடிந்து வந்தேன், லேசாகத் தூறியது. அவளே செருப்பை மாட்டிக்கொண்டு கேட்டாள்: "சித்தி, இன்னைக்கும் ஓடணுமா?" என் பயம் இவளுக்கும் தொற்றிவிட்டதே! இதற்கு வைத்தியம் தேடியே ஆகவேண்டும் என்று அன்றைக்கு முடிவெடுத்தேன்.

முதலில் டவுனில் மனநல ஆலோசனை சொல்லும் ஒரு கவுன்சிலரிடம் போனேன். நல்ல மனுஷன்தான். மலையாளத்தில் கேட்டார், நானும் மலையாளத்திலேயே சொன்னேன். இந்தக் கேரளத்து வில்லேஜ் ஆபீஸிலும் தாலுக்கிலும் சொல்லிச் சொல்லிப் பழகியதுதானே? உருள்பொட்டல் என்று அவர்கள் சொல்லும் மலைச்சரிவு, லயத்து வீட்டு நம்பர், இறந்தவர் பெயர், எனக்கு என்ன உறவு. மனு கொடுப்பதுபோல் கடகடவென்று ஒப்பித்தேன். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. நல்ல தைரியசாலி என்று பாராட்டி அனுப்பிவிட்டார். நான் என்னத்தைச் சொல்ல?

பிறகு நாலு பேரிடம் விசாரித்து, போடிமெட்டு வழியாக இறங்கித் தேனிக்குப் போனேன். இந்த மாதிரி அதிர்ச்சிக்கென்றே தனியாகப் படித்த ஓர் அம்மா அங்கே இருக்கிறார். நம் எஸ்டேட் வழக்கம் விடுமா? நான்தான் முதலில் கேள்வி கேட்டேன்.

"சொந்த ஊரு எது மேடம்? என்னய மாதிரி ஆளுகளப் பாத்திருக்கீகளா?"

சிரித்தார். "நெறையப் பேரப் பாத்திருக்கேம்மா. எல்லாத்தையும் இன்னைக்கே சொல்லணும்னு இல்ல. போதும்னு நீங்க சொன்னா நிறுத்திருவோம்."

தமிழில் அந்த மனு வரவில்லை, அக்கா. உன் மேல் கோபம்தான் வந்தது. அன்றைக்கு ரோட்டில் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு, கன்றை அவிழ்த்துவிட ஏன் திரும்பிப் போனாய்? அதைச் சொல்லித்தான் அப்படி அழுதேன்.

ரோட்டுக்கு ஓடிப்போய் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பேன் என்றேன்.

"யாரு வரணும்னு பாக்குறீங்க?"

நீ வரவேண்டும் என்றுதான், அக்கா. இதை எப்படி இத்தனை நாள் நானே அறியாமல் இருந்தேன்?

வருகிற வியாழக்கிழமையும் இறங்கிப் போவேன். நீ வரமாட்டாய் என்று ஒருநாள் என் வாயால் சொல்லிவிடுவேன். மழை வலுத்து நிவாரண முகாமுக்குப் போகச் சொன்னால் போவோம், அது வேறு. உனக்காகக் காத்து நிற்பது என்னோடு போகட்டும், உன் மகளை இனி மழையில் நிறுத்த மாட்டேன்.

அவளுக்குச் சித்தியாகவும் அம்மாவாகவும் இருக்கும்,
உன் தங்கச்சி